வழிமொழிபவர் இல்லை

டிசம்பர், இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு மணி.
ஹார்ஸ்லி கிராம சபை, சஸ்கச்சுவான்.
வெளியே மறை முப்பத்து நாலு.
அதைக் குறிப்பில் எழுதுவதில்லை,
அதுபற்றி யாரும் முறைப்பாடு செய்யாதபடியால்.

வந்திருந்தோர்: தலைவி டார்லீன் பிரிஷ்லாக்,
உறுப்பினர்கள் கோர்டன் ஹௌகன், ஓரெஸ்ட் டெம்கிவ்.
பொதுமக்கள்: ஒருவர், கொலீன் வாசெக்.
நாயும் வந்தது.
நாய்தான் விடயம் இலக்கம் மூன்று.

ஊரில் அறுபத்தொரு பேர்.
மூவர் ஆள்கிறார்கள், நான் எழுதுகிறேன்,
செவ்வாயும் வியாழனும்,
மணிக்கு இருபத்திரண்டு டொலருக்கு.

சென்ற மாதக் குறிப்பில் ஒரு பிழை:
சரளைக்கல் இரண்டு லோட் அல்ல, ஒன்றரை.
திருத்தினேன்.
அந்த அரை லோட்டைப் பற்றி
இருபது நிமிடம் கதைத்ததைத் திருத்தவில்லை,
அது எங்கும் இல்லை.

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்த நாய்க்குத் தண்டம் ஐம்பது.
கொலீன் எழுந்து நின்று மறுத்தாள்,
மூடியைப் பூட்டாதவன் மீதல்லவா குற்றம் என்றாள்.
குற்றவாளியின் பெயர் மஃபின்.
என் சப்பாத்தின் மேல் தலை வைத்துத் தூங்கியது,
கன்றுக்குட்டி அளவு.

விடயம் நாலு.
கிராம சபையைக் கலைத்து மாவட்டத்தோடு சேர்வது.
முன்மொழிந்தவர் ஹௌகன்.
அவர் கோபக்காரர் அல்ல.
சேமிப்பில் பதினோராயிரத்துச் சொச்சம்,
புதுப் பம்புக்கு முப்பத்தெட்டாயிரம்,
கழித்துப் பாருங்கள் என்றார், அவ்வளவுதான்.
பென்சிலைக்கூட எங்கள் பக்கம் தள்ளினார்.

தட்டச்சில் விரல் நின்றது.
எங்கள் பேச்சில் கலைப்பது என்றால் துரத்துவது.
காகத்தைக் கலைப்போம், கோழியைக் கலைப்போம்,
சூய் என்றால் போதும்.
ஒரு ஊருக்கு என்ன சொல்லிக் கலைப்பது?
கலைந்தால் இந்தக் கதிரையும் போகும்,
செவ்வாயும் வியாழனும் போகும்.
எழுதுநருக்கு வாக்கு இல்லை.
எழுதினேன்.

அப்போது அலறியது பம்பு வீட்டு அலாரம்.

திறப்பு என் கைப்பையில்; ஆகவே நானும் போனேன்.
கோர்டனின் ட்ரக்கில் ஐந்து பேர், ஒரு நாய்.
குழாய் உறைந்திருந்தது, முழங்கை வளைவில்,
யாருக்கும் கை எட்டாத இடத்தில்.
டார்லீன் வீட்டுக்கு ஓடித்
தலைமுடி உலர்த்தியைக் கொண்டுவந்தாள்.
ஓரெஸ்ட் டோர்ச் பிடித்தார், கை நடுங்க,
வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்தது.
கொலீன் ஒன்றும் கேட்கவில்லை.
கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக்
குப்புறப் படுத்து உள்ளே போனாள்.
பதினாறு வருடம் பால் தொழிற்சாலையில்
குழாய் பூட்டியவள் என்று
அன்றுதான் தெரியும் எனக்கு.
பூட்ஸ் இரண்டும் மட்டும் வெளியே தெரிய
ஒரு வசவு,
பிறகு ஒரு பெரிய வசவு,
பிறகு தண்ணீர்.

குறிப்பில்: 7.52 முதல் 9.40 வரை இடைவேளை.

திரும்பி வந்து அதே கதிரைகளில் அமர்ந்தோம்.
தேநீர் போட்டது ஓரெஸ்ட்; அதுவும் குறிப்பில் இல்லை.
விடயம் நாலு தொடர்கிறது என்றாள் தலைவி.
வழிமொழிபவர் உண்டா?
விதிப்படி ஒருவராவது வேண்டும்.

ஓரெஸ்ட் கையுறையைப் பிழிந்தார்.
ஹீற்றர் உறுமியது.
டார்லீன் மூன்று தடவை கேட்டாள்,
மூன்றாம் தடவை என்னைப் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தது.

ஜனவரியில் மறுபடி கொண்டுவருவேன் என்றார் கோர்டன்.
கொண்டுவருவார்.
பம்பும் ஜனவரி வரை தாங்கினால் சரி.

விடயம் மூன்றுக்குத் திரும்பினார்கள்.
முன்மொழிந்தவர் டெம்கிவ், வழிமொழிந்தவர் ஹௌகன்,
ஒருமனதாக:
கொலீன் வாசெக், நாய்த் தண்டம், ஐம்பது டொலர்.

அவள் சிரித்தாளா இல்லையா தெரியாது.
காற்சட்டைப் பையிலிருந்து
ஈரமான இரண்டு இருபதும் ஒரு பத்தும் எடுத்து
மேசையில் ஒட்டினாள்.
பற்றுச்சீட்டு வேண்டும் என்றாள்.
இலக்கம் 0417.
தாள் நனைந்து மை ஊறியது,
இன்னொன்று எழுதிக் கொடுத்தேன்.